உள்பை வைத்த பச்சைக் கோட்டு

இப்போதெல்லாம் மனிதனுக்கு மூஞ்சி போதவில்லை. தான் யார் என்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. பார்சல் கொண்டுவருகிறவன் கழுத்தில் ஓர் அட்டை, மீட்டர் பார்க்க வருகிறவன் கழுத்தில் ஓர் அட்டை, வாசலில் உட்கார்ந்து தூங்கி வழிகிறவன் கழுத்திலும் ஓர் அட்டை. அட்டையில் இருக்கிற படத்தையும் எதிரில் நிற்கிற ஆளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டால் போதும், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். தையல்காரருக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. "நாய்க்கே கழுத்துல பட்டை ஒண்ணுதான். இவனுங்களுக்கு மூணு," என்று மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வார். கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அட்டையாவது தொலையட்டும். எதிரே இருக்கிற மருந்தறைக்காரர்கள் கோட்டே கேட்டார்கள்.

மருந்தறை, அவர் கடைக்கு நேர் எதிரே, மூடிப்போன அச்சகத்தில் சுகாதார அலுவலகம் திறந்து வைத்த இடம். போதைத் தூளை மூக்கில் இழுத்தும் நரம்பில் ஏற்றியும் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள், விட்டுத் தொலைக்க நினைத்தால் அங்கே வரலாம். தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னல் திறக்கும். நர்ஸ் கண்ணெதிரிலேயே ஒரு காகிதக் கப் கசப்பு மருந்தைக் குடித்துவிட்டுப் போக வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள். தூள் மிஞ்சி மூச்சு நின்றவனுக்கு மூக்கில் மருந்து பீய்ச்சி எழுப்பி உட்கார வைப்பார்கள். இது பாதி வேலை. தூள் விற்கிற கோஷ்டிகளுக்குள் வெட்டுக்குத்து வராமல் தெருவில் இறங்கிப் பேசுவது மீதிப் பாதி. "பேசி அடங்குறவன் எதுக்குடா கத்தி எடுக்கப் போறான்?" என்று தையல்காரர் கேட்டதற்கு இதுவரை ஒருத்தனும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அந்த ஜன்னலுக்குள் நிற்கிற நர்ஸ் அவருடைய சொந்த மகள். அதற்காக அவர் கேள்வியைக் குறைத்துக்கொள்ளவில்லை, இன்னும் உரக்கத்தான் கேட்டார்.

பன்னிரண்டு பேருக்குக் கையில்லாத பச்சைக் கோட்டு. நெஞ்சில் வெள்ளைப் பட்டை. பை நான்கு, நான்கும் வெளியே, நான்கும் கொசுவலைத் துணியில். பையில் என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரிய வேண்டுமாம். ஆயுதம் இல்லை, தூள் இல்லை, இருப்பது பஞ்சும் பேனாவும்தான் என்று எதிரே வருகிறவன் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டுமாம். அதனால் பச்சைக் கோட்டு போட்டவர்களை மட்டும் மருந்தறை வாசலில் சோதிப்பதில்லை. மற்றபடி யார் வந்தாலும், போலீஸ்காரரே வந்தாலும், வாசல்காரரின் கை அக்குளில் தொடங்கிக் கணுக்காலில்தான் முடியும்.

"பைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வெச்சதை மறைக்கத்தான். மறைக்காத பைக்கு நூல் எதுக்குத் தண்டம்?" என்று திட்டிக்கொண்டே பன்னிரண்டையும் தைத்துக் கொடுத்திருந்தார்.

அது போன மாதம். இந்த மாதம் நிலைமை வேறு. போன ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டி முக்கில் தூள் விற்கிற இடம் யாருக்கு என்று இரண்டு கோஷ்டிக்குள் தகராறு வந்து, ஒருத்தன் குத்துப்பட்டுச் செத்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவனின் தம்பி அவன். குத்தியவனைப் போலீஸ் அன்றைக்கே பிடித்து உள்ளே போட்டுவிட்டது. ஆனால் குத்தியவனுக்கு ஓர் அண்ணன் வெளியில் இருந்தான். நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் தூளிலேயே கிடந்தவன். இப்போது எட்டு மாதமாகத் தினமும் பத்து மணிக்கு மருந்தறைக்கு வந்து கசப்பைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவன். தம்பிக்குத் தம்பி கிடைக்காவிட்டால் அண்ணனைத் தேடுவார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். முக்கில் பகல் முழுக்க ஒரு போலீஸ்காரர் நின்றார். மருந்தறையில் புதிதாக நாலு பேரைச் சேர்த்தார்கள். கதவுக்குக் குறுக்கே போட ஓர் இரும்புக் கம்பியும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பத்தடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, அரைக்காதன் ஒரு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தையல் கடைக்கு வந்தான்.

அரைக்காதன் பத்து வருடத்துக்கு முன் அதே தொட்டி முக்கில் தூள் விற்றவன். காதில் பாதி போனது அங்கேதான். நான்கு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, இப்போது பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறான். தையல்காரர் அவனை ஒரு நாளும் நம்பியதில்லை.

"மாமா, பை பிரிஞ்சு போச்சு. ரெண்டு தையல் போட்டுக் குடுங்க."

"பிரியாம? வலையில பை வெச்சா மீன்தான் பிடிக்கலாம்," என்றார் தையல்காரர். கோட்டை வாங்கி, கிழிசலை விரலால் நீவிப் பார்த்தார். "உங்க கூட்டத்துலயும் ஒருத்தனுக்கு மூளை இருக்குடா. கேட்டு வாங்கி உள்ள பை வெச்சுக்கிட்டான்."

"யாரு?"

"புதுசா சேர்ந்தவன். செவ்வாக்கிழமை வந்தான். இதே மாதிரி ஒரு கோட்டை மாதிரிக்குக் கொண்டாந்து, 'இது எனக்குச் சின்னது, என் அளவுக்கு ஒண்ணு வேணும், உள்ள நீளமா ஒரு பை வைங்க, கட்டு வெட்டுற கத்திரி வெக்கணும்'னான். விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு நினைச்சேன்."

அரைக்காதனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எப்படி இருந்தான் மாமா ஆளு?"

தையல்காரருக்கு ஆளின் மூஞ்சி ஞாபகம் இருக்காது. உடம்பு ஞாபகம் இருக்கும். அளவு நோட்டை எடுத்துப் புரட்டினார். எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது. கோடும் புள்ளியும் அம்புக்குறியுமாக அவரே செய்துகொண்ட எழுத்து. "மார்பு நாப்பத்திரண்டு. கை தடிமன். இடது தோள் ரெண்டு விரக்கடை இறக்கம். ரொம்ப நாளா அந்தத் தோள்ல கனமா ஏதோ தூக்கியிருக்கான். அவன் சொல்லல, நானா பாத்து அந்தப் பக்கம் இறக்கி வெட்டினேன்."

"சிலிண்டர்," என்றான் அரைக்காதன்.

"என்னது?"

"கேஸ் சிலிண்டர். அவன் வெல்டர், மாமா. செத்துப்போனவனோட அண்ணன்."

மெஷின் மிதியில் இருந்த தையல்காரரின் கால் அப்படியே நின்றது.

"உள்பை எவ்வளவு நீளம்?"

தையல்காரர் மர ஸ்கேலை எடுத்து, கட்டைவிரலை வைத்துக் காட்டினார். ஒன்பது அங்குலம். ஒன்பது அங்குலத்தில் கட்டு வெட்டுகிற கத்திரி எந்த ஊரிலும் கிடையாது. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருடமாகக் கத்திரி பிடித்தவருக்கு.

"சீட்டு கேட்டீங்களா? ஆபீஸ் சீட்டு?"

"கோட்டையே கையில கொண்டாந்தவன்கிட்ட சீட்டு என்னடா சீட்டு?"

சொல்லி வாயை மூடுவதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நேற்று மகள் வந்து, கொல்லைக் கொடியில் காயப்போட்ட தன் கோட்டைத் திங்கட்கிழமையிலிருந்து காணவில்லை என்றாள். கொடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத கழுதை என்று இவர் அவளைத் திட்டி அனுப்பியிருந்தார். வெல்டர் மாதிரிக்குக் கொண்டுவந்த கோட்டு முப்பத்தாறு. மகளின் அளவும் முப்பத்தாறு. திட்டுகிற மும்முரத்தில் கணக்குப் போடத் தோன்றவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் தெருவைப் பார்த்தார்கள்.

மருந்தறை வாசலில் பச்சைக் கோட்டு போட்ட அகலமான ஒருத்தன் நின்றிருந்தான். இடது தோள் இறக்கமே தெரியவில்லை. அவ்வளவு கச்சிதமாகத் தைத்திருந்தார். வாசல்காரர் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நெற்றியில் கை வைத்தார். அதனால்தான் அவருக்கு சலாம் என்றே பெயர். அகலமானவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

தையல்காரர் வாயைத் திறந்தார். அரைக்காதன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான்.

"கத்தாதீங்க. கத்தினா சலாம் கம்பியைப் போட்டுடுவாரு. அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கோம். சத்தம் கேட்டா கதவு மூடணும். அவன் உள்ள, நாம வெளிய. உங்க பொண்ணும் உள்ள."

"அப்போ போலீஸைக் கூப்பிடு. அதோ நிக்கிறான் பாரு, கம்பம் மாதிரி."

"காக்கிச் சட்டையைப் பாத்தா அவன் கை அந்தப் பைக்குத்தான் போகும். நெட்டை இன்னும் வரல. நெட்டை வர்ற வரைக்கும் அவன் சும்மா நிப்பான். நான் பின்பக்கமா சுவரேறி வரேன், அஞ்சாறு நிமிஷம் ஆகும். முன்னால நான் போக முடியாது மாமா, என் மூஞ்சி அவனுக்கு நல்லாத் தெரியும்."

"என்னைச் சொல்றியா?"

"உங்களை அவனுக்குத் தையல்காரரா தெரியும். அவ்வளவுதான். உள்ள போய் எதையாவது பேசி நிறுத்தி வைங்க. சலாம்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, அவரு வாயி ஒலிபெருக்கி." அவன் மூன்று கடை தள்ளியிருந்த சந்துக்குள் நடந்து போனான். ஓடவில்லை. ஓடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள் என்று தெரிந்த நடை.

இவன் நம்மை மாட்டிவிட்டுப் போகிறானா? பழைய கோஷ்டிக்காரன்தானே, எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையாக இருந்தால்? யோசித்துக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டிருந்தார். சந்தேகம் பாட்டுக்குச் சந்தேகம். உள்ளே மகள் இருக்கிறாள். தோளில் டேப்பு தொங்கியது. சட்டைக் காலரில் எப்போதும் போல ஊசியும் நூலும், மார்புப் பையோரம் நாலைந்து ஊக்கும். கையில் கத்திரி.

"நில்லு பெருசு," என்றார் சலாம்.

"என் பொண்ணைப் பாக்கணும்."

"பாரு. யாரு வேணாம்னா? கத்திரியைக் குடு."

"இது தொழில் கத்திரிய்யா."

"அது துணிக்குத் தெரியும், எனக்குத் தெரியுமா? விதி விதிதான். உன் பொண்ணே போட்ட விதி." சலாம் கத்திரியை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, நிதானமாக அக்குளிலிருந்து தொடங்கினார். இடுப்பு, முழங்கால், கணுக்கால். ஒன்பது அங்குலக் கத்திக்கு சலாம் வைத்து அனுப்பிய அதே கை, கிழவரின் கணுக்காலைத் தட்டித் தட்டிப் பார்த்தது. தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் அவர் வாய் பேசாமல் நின்ற மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே சின்ன அறை. அச்சக மை தரையில் இன்னும் போகாமல் கறுப்பாகப் படிந்திருந்தது. ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. கையில் புண்ணோடு ஒரு பெண்மணி மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கம்பி வலை போட்ட ஜன்னல் சாத்தியிருந்தது, அதற்குப் பின்னால் மகள் புட்டிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. வெல்டர் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்து நின்றிருந்தான். கடிகாரத்தில் பத்தடிக்க நாலு நிமிடம்.

தையல்காரர் நேராக அவனிடம் போனார். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. தோளைப் பார்த்ததும் வாய் தானாகப் பேசியது.

"யோவ், நில்லு அப்படியே. தோள் சரியா உக்காரல."

வெல்டர் திடுக்கிட்டுத் திரும்பினான். தூங்காத கண். "என்ன பெரியவரே?"

"கழுத்துல தூக்குது பாரு. நான் தச்சதுன்னு நாலு பேரு பாத்தா என் மானம் போகுமா போகாதா? கையை இறக்கு."

"பரவால்ல, விடுங்க."

"உனக்குப் பரவால்ல, எனக்குப் பரவா இருக்கு. இறக்குய்யா கையை."

தையல்காரன் கை தோளில் பட்டால் எப்பேர்ப்பட்டவனும் நேராக நின்றுவிடுவான். ஐம்பது வருடத்தில் அவர் கண்ட ஒரே உறுதியான உண்மை அது. ரவுடி, வாத்தியார், கல்யாண மாப்பிள்ளை, எல்லோரும் கையைத் தொங்கப் போட்டு மூச்சை அடக்கி நிற்பார்கள். இவனும் நின்றான். உடம்பு மட்டும் நின்றது, கண் வாசலிலேயே இருந்தது. தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டார், முதுகுக்குப் போனார், மறுபடி முன்னால் வந்தார். ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டார். கோட்டின் இடது மடிப்பைப் பிடித்துத் தூக்கியபோது, உள்ளே, தான் தைத்த பைக்குள், கனமாக, சில்லென்று அது இருப்பது துணி வழியாகவே விரலுக்குத் தெரிந்தது. கைப்பிடி மட்டும் பை வாய்க்கு வெளியே இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

உதட்டிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தார்.

கைப்பிடியைத் துணியோடு கீழே அழுத்தினார். பை வாய் மூடிக்கொண்டது. ஓர் ஊக்கு. கோட்டின் உள்துணியையும் பையையும் சேர்த்துக் குத்திப் பூட்டினார். இரண்டாவது ஊக்கு.

"எவ்வளவு நேரம் பெரியவரே?"

உதட்டில் ஊக்கு இருந்ததால் "ம்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது ஊக்கு.

வாசலில் சலாமின் குரல் கேட்டது. "வாப்பா நெட்டை, கையைத் தூக்கு. இன்னைக்கும் வேட்டி துவைக்கலையா?" நெட்டை ஏதோ சொல்லிச் சிரித்தான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தவன், இருவரில் யாரையும் கவனிக்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், முதுகை இவர்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். ஜன்னல் திறந்தது. மகளின் முகம் தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"அப்பா? இங்க என்ன பண்றீங்க?"

வெல்டரின் வலது தோள் அசைந்தது. கை கோட்டுக்குள் போனது. போன கை நின்றது.

அவன் குனிந்து தையல்காரரைப் பார்த்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சாண் இடைவெளி.

"விடு," என்றான் வெல்டர், மெல்ல.

"மாட்டேன்."

"உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பெருசு."

"நான்தானேடா தச்சேன்."

வெல்டர் இழுத்தான். ஊக்கு ஒன்று வளைந்து தெறித்தது. தையல்காரர் இரண்டு கையாலும் பையின் அடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முறை இழுத்தபோது கோட்டு கிழிந்திருக்க வேண்டும். கிழியவில்லை. அந்தப் பைக்கு அவர் இரட்டைத் தையல் போட்டு, மூலையில் மூன்றாவதும் போட்டிருந்தார்; விஷயம் தெரிந்தவன் கேட்டு வாங்குகிறான் என்ற மரியாதையில். கத்தியின் முனைதான் துணியைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து அவர் உள்ளங்கையில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. சூடாக ஏதோ ஓடியது. விடவில்லை.

நெட்டை திரும்பினான். கையிலிருந்த காகிதக் கப் தரையில் விழுந்து கசப்பு மருந்து மைக்கறை மேல் பரவியது.

"எல்லாரும் கீழ உக்காருங்க," என்றாள் மகள், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து. கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் சொன்னாள். புண்கைப் பெண்மணி உட்கார்ந்தாள். நெட்டை உட்கார்ந்தான். அதே நேரத்தில் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு அரைக்காதன் வந்து, வெல்டரைப் பின்னாலிருந்து இரண்டு கையோடும் சேர்த்துக் கட்டிப் பிடித்தான். அடிக்கவில்லை, முறுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவனோடு சேர்ந்து மெதுவாகத் தரையில் சரிந்தான்.

"அண்ணே, நான்தான். அரைக்காதன். உன் தம்பி எனக்கும் தம்பிதான். உக்காரு. சும்மா உக்காரு."

தையல்காரரும் சேர்ந்து தரைக்கு வந்திருந்தார், பையைப் பிடித்த பிடியை விடாமல். மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். பிறகு கோட்டைப் பொத்தான் கழற்றி, வெல்டரின் உடம்பிலிருந்து உருவி, அப்படியே சுருட்டி ஜன்னலுக்குள் போட்டாள்.

"என் தம்பி பண்ணுனதுக்கு நான்..." என்று நெட்டை ஆரம்பித்தான்.

"நீ இப்போ பேசாதே," என்றான் அரைக்காதன். "ஒரு வார்த்தை பேசாதே. நர்ஸ் அக்காகூட பின்பக்கமா நம்ம வண்டிக்குப் போ. மருந்தை அங்க குடி."

நெட்டை போனான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் தையல்காரரால் ஜீரணிக்க முடியவில்லை. கத்தி கொண்டு வந்தவனை நாலு சாத்து சாத்துவார்கள் என்று எதிர்பார்த்தார். அரைக்காதன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தான். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டான். அஞ்சு நாள் என்று வெல்டர் சொன்னான். நெட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த மகள், அவன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"பிரஷர் பாக்குறியா?" என்றார் தையல்காரர். "அவன் கத்தியோட வந்திருக்கான், நீ பிரஷர் பாக்குறியா? நாளைக்கு உன்னைக் குத்த வந்தா சுகர் பாப்பியா?"

"நூத்தி எண்பது இருக்குப்பா. இப்படியே போலீஸ் இழுத்துட்டுப் போனா வழியிலேயே விழுந்துடுவான்."

"விழட்டுமே!"

வெல்டர் தலையைத் தூக்கவில்லை. "பெரியவரே, கையில ஆழமா பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டான். தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரைமணி கழித்து முக்கில் நின்ற போலீஸ்காரரும் இன்னொரு அதிகாரியும் வந்தார்கள். கத்தியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். விலங்கு போடவில்லை. அரைக்காதன் பக்கத்தில் நடக்க, வெல்டர் கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவன் மாதிரி நடந்து ஜீப்புக்குப் போனான். தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடாம். அவனைத் தெருவில் இழுத்து அடித்தால், ரயில் கேட்டில் காத்திருப்பதாக அவனே சொன்ன சிநேகிதர்கள் மூணு பேரும் சாயங்காலத்துக்குள் இங்கே வந்து நிற்பார்களாம். அரைக்காதன் ஜீப்பை அனுப்பிவிட்டு நேராக அந்த மூணு பேரைப் பார்க்கத்தான் போவானாம்.

மகள் இதையெல்லாம் சொன்னது, அப்பாவின் உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டே. மூன்று தையல்.

"போய்ப் பேசி?"

"இன்னைக்குப் பொழுது போயிடும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு மறுபடியும் போகணும்."

"ஒவ்வொரு நாளா ஒட்டுப்போட்டுத் தைக்கிற துணியா இது? எங்க இழுத்தாலும் பிரியும்."

அவள் நூலை வெட்டினாள். "அந்தக் கோட்டை யாருப்பா தச்சது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். அரைக்காதனே போட்டுக் கொடுத்திருப்பான் என்றுகூட நினைத்திருந்தார். அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான்."

"சீட்டு கேக்கலையா?"

"கேக்கல. கொண்டாந்தது உன் கோட்டு. அதுவும் எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "உங்க கூட்டத்துல ஒருத்தனுக்காவது அறிவு இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்," என்றார்.

அவள் கட்டைச் சுற்றினாள். கழுதை என்று திட்டியதைச் சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தார், சொல்லிக் காட்டவில்லை. அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தையல் தள்ளித் தள்ளி இருக்கு."

"தோலுக்கு அவ்வளவு போதும்." இப்போது லேசாகச் சிரித்தாள். "எல்லாக் கோட்டுலயும் உள்ள நம்பர் வெச்சுத் தைக்கணும்பா. கோட்டுப் போட்டவங்களையும் இனிமே வாசல்ல சோதிக்கப் போறோம். திங்கக்கிழமை மீட்டிங் இருக்கு. நீங்க வந்து நடந்ததைச் சொல்லணும்."

"மீட்டிங்கா? இன்னைக்கு ஊக்கு குத்தினது மீட்டிங்கா?"

"அப்பா."

"நீங்க பேசிப் பேசியே ஊரைத் திருத்துங்க. நம்பர் வெச்சாலும் திருடறவன் நம்பரையும் சேர்த்துத்தான் திருடுவான். என்னைக் கூப்பிடாதே."

வாசலில் சலாம் எழுந்து நின்று, முகமெல்லாம் வெளிறிப்போய், நாற்காலிக்கு அடியிலிருந்த கத்திரியை இரண்டு கையாலும் நீட்டினார். "மன்னிச்சுக்கோ பெருசு."

"கணுக்கால்ல என்னய்யா தேடினே? பீரங்கியா?" என்று கேட்டுவிட்டு, கட்டுப் போடாத கையால் கத்திரியை வாங்கிக்கொண்டார்.

சந்து முனையில் அரைக்காதன் வெறும் சட்டையோடு ரயில் கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தான். கோட்டு இல்லை; அது தையல் கடையில் பை பிரிந்து கிடந்தது. கோட்டு இல்லாமலே மூணு பேரைப் பார்க்கப் போகிறான், முட்டாள். தையல்காரர் கூப்பிட வாயெடுத்தார். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். வலைப் பை வைத்த துணியைப் பார்த்துக் கத்தியை இறக்குகிற ஊரா இது? ஒருத்தனை இன்றைக்கு நிறுத்தியது மூன்று ஊக்கும் இரட்டைத் தையலும். அதைப் போய் ஏற்பாடு, பேச்சு, விதி என்று எழுதிவைத்துக்கொள்வார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

"எல்லாம் கண்துடைப்பு," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்து நடந்தார்.